சுண்டெலி சொன்ன சேதி

லுக்குட் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் எலி என்றாலே எரிச்சல்தான். பழுத்த குலையைக் கடித்து நாசமாக்கும் அந்த இனத்தைச் சேர்ந்த சுண்டெலி, பெண்குலத்துக்குப் பேருதவி செய்திருக்கிறது என்றால் நம்புவீர்களா, சகோதரிகளே?

"அம்மாவுக்கும் மார்பில் கட்டி, சித்திக்கும் கட்டி. அந்தக் குடும்பத்துக்கே சாபம்!" என்று குழாயடியில் பேசக் கேட்டிருப்பீர்கள். சாபமும் இல்லை, செய்வினையும் இல்லை. சில குடும்பங்களில் வழிவழியாக வரும் மரபணுக் கோளாறு அது. 1994இல் பி.ஆர்.சி.ஏ.1, அடுத்த ஆண்டு பி.ஆர்.சி.ஏ.2 என இரு மரபணுக்களை விஞ்ஞானிகள் அடையாளம் கண்டனர். இவை பழுதானால் மார்பகப் புற்று வரும் அபாயம் கூடுகிறது. அப்படியானால், நல்ல நிலையில் இவை செய்யும் வேலை என்ன?

தண்டல் ஒருநாள் வராவிட்டால்தானே அவர் செய்துவந்த வேலை நமக்குத் தெரியும்! அதே யுக்திதான் இங்கும். குறிப்பிட்ட ஒரு மரபணுவை மட்டும் செயலிழக்கச் செய்து சுண்டெலிகளை வளர்த்தார்கள். இந்த முறையை உருவாக்கிய மூவருக்கு 2007இல் நோபல் பரிசு கிடைத்தது.

வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் அசோக் வெங்கிட்டராமன், கேம்பிரிட்ஜில் தம் குழுவினருடன் பி.ஆர்.சி.ஏ.2 மரபணுவைக் குறைப்படுத்திய சுண்டெலிகளை ஆராய்ந்தார். அவற்றின் செல்களில் குரோமோசோம்கள் தாமாகவே ஒடிந்து கிடந்தன! 1998இல் வெளியான இந்த ஆய்வு உணர்த்தியது இதுதான்: உடைந்த மரபுப்பொருளைச் செப்பனிடுவதில் இந்த மரபணுவுக்குப் பங்குண்டு. செப்பனிட ஆளில்லாவிட்டால் பிழைகள் குவிந்து புற்றாக மாறும். இந்தப் பலவீனத்தையே குறிவைத்துத் தாக்கும் ஒலாபாரிப் என்ற மருந்தும் பின்னர் வந்தது. 2018இல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுக்கும் அது அனுமதிக்கப்பட்டது.

இதில் நமக்கென்ன பாடம்? பழுதான மரபணு தாயிடமிருந்து மட்டுமல்ல, தந்தையிடமிருந்தும் வரலாம். பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. ஆகவே டாக்டரிடம் அத்தையின் நோயையும் அப்பாயியின் நோயையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதேசமயம், மார்பகப் புற்றில் நூற்றுக்கு 5 முதல் 10 வரைதான் பரம்பரையால் வருகிறது. "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லையே" என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள்.

கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். பக்கத்து வீட்டு அக்காள் அல்ல. கையில் கட்டி தட்டுப்பட்டால் வெட்கப்பட்டு மூடி வைக்காதீர்கள். ஒருநாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை. மறுநாளே கிளினிக்குக்குப் புறப்படுங்கள்!