ஆயத்த ஒலிகளும் நம் ஒலியும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

இசைக்கு மயங்காத உயிர் இல்லை என்பர். அவ்விசை இன்று பெரும்பாலும் கணிப்பொறிக்குள்ளேயே பிறக்கிறது. வீணையோ வயலினோ இல்லாத வீட்டில் பிறந்தவனும், ஒரு பழைய மடிக்கணிப்பொறி இருந்தால் நூறு கருவிகளின் ஒலியை எழுப்பலாம். அப்படி எழுப்பப் புகுந்து, நாணித் தலைகுனிந்து, பின் ஓரளவு தெளிவு பெற்றவன் நான். அத்தெளிவை மாணவ நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்ற ஆண்டு, கல்லூரிகளுக்கிடையே நடந்த நாடகப் போட்டிக்கு எங்கள் குழு சென்றது. பின்னணி இசை என் பொறுப்பு. தாய் இறக்கும் காட்சிக்கு ஒரு மணியோசை வேண்டும் என்றார்கள். இலவச மென்பொருள் ஒன்றில் இருந்த ஆயத்த ஒலிகளில் தேடி, கணீரென்று ஒலித்த ஒரு மணியைத் தேர்ந்தெடுத்தேன். போட்டி நாளன்று எங்களுக்கு முன் மேடையேறிய குழுவினர், ஒரு நகைச்சுவைக் காட்சியில் ஒரு மணியை அடித்தார்கள். அதே மணி! சற்று நேரத்தில் எங்கள் தாய் கண்மூடியபோது, அவ்வோசை மீண்டும் எழுந்தது. அரங்கம் சிரித்தது. தாயாக நடித்த நண்பன் திரும்பி வரும்போது பேருந்தில் என்னோடு பேசவில்லை.

மறுநாள் எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் அழைத்து, "அது ஏன் மணி போலக் கேட்கிறது? வீணை போல ஏன் கேட்கவில்லை?" என்று மட்டும் கேட்டார். ஒலியியல் தாளில் நல்ல மதிப்பெண் பெற்றவன் நான். ஆனால் விடை தெரியவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். பாடம் சொல்லித்தர வீட்டில் எவரும் இல்லாமையால், கையேட்டில் அச்சிட்ட விடைகளை மனப்பாடம் செய்தே பள்ளிப் படிப்பைத் தாண்டினேன். இசையிலும் அதையே செய்திருக்கிறேன் என்பது அந்தக் கேள்வியில்தான் உறைத்தது.

ஆயத்த ஒலி என்றால் என்ன?

கடையில் தைத்து விற்கும் உடையை ஆயத்த ஆடை என்கிறோம். அதுபோல, சிந்தசைசரில் முன்னரே அமைத்துத் தரப்படும் ஒலியைப் 'பிரீசெட்' என்பர். நாம் அதை ஆயத்த ஒலி எனலாம்.

1970-இல் வந்த மினிமூக் என்னும் சிந்தசைசரில் இவ்வசதி இல்லை. வாசிப்பவர் குமிழ்களைத் திருகி ஓர் ஒலியை உருவாக்குவார். அது மீண்டும் வேண்டுமென்றால், குமிழ்கள் நின்ற இடங்களைத் தாளில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். 1978-இல் அமெரிக்காவில் டேவ் ஸ்மித் உருவாக்கிய பிராஃபெட்-5, அக்குறிப்பைத் தானே நினைவில் வைத்துக்கொண்டது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்; 40 ஒலிகளுள் வேண்டியது வந்து நிற்கும். 1983-இல் ஜப்பானின் யமஹா நிறுவனம் வெளியிட்ட டி.எக்ஸ்.7 உலகெங்கும் பரவியது. அதில் ஒலியைப் புதிதாக அமைப்பது கடினம். ஆகவே பலரும் அதனுடன் வந்த ஆயத்த ஒலிகளையே கையாண்டனர். 1980-களின் மேலைநாட்டுப் பாடல்கள் பலவற்றில் ஒரே மின்பியானோ ஒலி கேட்பதற்குக் காரணம் இதுவே.

இன்று அக்கருவிகள் மென்பொருளாகிவிட்டன. டெக்செட் என்னும் இலவச மென்பொருள், டி.எக்ஸ்.7-இன் வேலையைக் கணிப்பொறியில் செய்கிறது; அதன் பழைய ஆயத்த ஒலிகளையும் அப்படியே ஏற்றுக்கொள்கிறது. நான் எடுத்த மணி அவற்றுள் ஒன்று. உலகில் எத்தனையோ பேர் அடித்து ஓய்ந்த மணி அது என்பதை நான் அறியவில்லை.

எண்களும் பதிவுகளும்

ஆயத்த ஒலியும் ஒலி நூலகமும் ஒன்றெனக் கருதுவோர் உண்டு. அவ்விரண்டும் வேறு. முன்னது சமையல் குறிப்பு. பின்னது சமைத்த சோறு.

டி.எக்ஸ்.7-இன் ஓர் ஆயத்த ஒலி என்பது ஏறத்தாழ 150 எண்களின் வரிசைதான். இன்ன அலையியற்றி இன்ன அதிர்வெண்ணில், இன்ன வலிமையில், இவ்வளவு நேரத்தில் எழுந்து இவ்வளவு நேரத்தில் அடங்க வேண்டும் என்று அவ்வெண்கள் சொல்லும். சுருக்கி வைத்தால் ஓர் ஒலிக்கு 128 பைட்டுகள். 32 ஒலிகளுக்கு 4,096 பைட்டுகள்.

ஒலி நூலகம் அவ்வாறன்று. உண்மையான பியானோவின் ஒவ்வொரு கட்டையையும் மெல்லவும் ஓங்கியும் அடித்துப் பதிவு செய்து அடுக்கி வைப்பது அது. குறுந்தகட்டின் தரத்தில் ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகள், மாதிரி ஒன்றுக்கு 2 பைட்டுகள், இரு தடங்கள். ஆக, நொடிக்கு 1,76,400 பைட்டுகள். 88 கட்டைகளையும் ஐந்து வலிமைகளில், பத்துப் பத்து நொடிகள் பதிந்தால் ஏறத்தாழ 776 மெகாபைட் ஆகிறது. 32 ஆயத்த ஒலிகள் அடங்கும் இடத்தில், பதிவு செய்த ஒலி ஒரு நொடியில் 43-இல் ஒரு பங்குகூட முழுமையாக அடங்காது!

இவ்வேறுபாட்டால் விளையும் பயன் பெரிது. பதிவில் உள்ளதை வெட்டலாம், நீட்டலாம், வடிகட்டலாம். ஆனால் பியானோவின் உடலைத் திறந்து மாற்ற இயலாது. எண்களையோ ஒவ்வொன்றாக மாற்றி, ஒலியின் பிறப்பையே மாற்றலாம். நான்தான் ஓர் எண்ணையும் தொடவில்லை.

அப்பாவின் அட்டை

விடுமுறைக்கு ஊர் சென்றபோது, நடந்ததை அப்பாவிடம் சொன்னேன். அவர் பட்டுத்தறி நெய்பவர். தறியின் மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். துளையிட்ட அட்டைகள் சங்கிலிபோலக் கோத்துத் தொங்கும். துளை உள்ள இடத்தில் பாவு இழை உயரும். இல்லாத இடத்தில் உயராது. பூவும் மயிலும் புடவையில் விழுவது இவ்வாறுதான். இதுவும் ஓர் எண் வரிசையே அன்றோ!

அப்பா தறியை நிறுத்தாமலே சொன்னார்: "ஏம்ப்பா, இந்த அட்டையை நானா குத்தினேன்? முதலாளி கொடுத்தது. இதே அட்டை நம்ம தெருவுல நாலு தறியில தொங்குது. ஆனா புடவையை விரிச்சா, இது யாரு நெய்ததுன்னு முதலாளி சொல்லிடுவாரு. பாவை எவ்வளவு இழுத்துக் கட்டணும், ஊடையை எவ்வளவு தட்டணும்னு அட்டைக்குத் தெரியுமா?"

சிறிது நேரம் கழித்து, "அட்டை எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு உட்காரணும். இல்லேன்னா ஒரு அட்டை கிழிஞ்சாக்கூட கையைக் கட்டிக்கிட்டு நிக்க வேண்டியதுதான்" என்றார்.

பேராசிரியர் கேட்ட கேள்வியும் அப்பா சொன்ன சொல்லும் ஒன்றே என்று எனக்குத் தோன்றியது.

மணியைப் பிரித்துப் பார்த்தேன்

அன்றிரவே அந்த மணியைத் திறந்தேன். டி.எக்ஸ்.7-இல் ஆறு அலையியற்றிகள் உண்டு. அவற்றில் ஒரு ஜோடியை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற நான்கையும் அணைத்தேன். ஜோடியில் ஒன்று ஒலிக்கிறது. மற்றொன்று அதன் அதிர்வெண்ணை மிக வேகமாக அசைக்கிறது. நம் பாடத்தில் வானொலிக்காகப் படிக்கும் அதிர்வெண் பண்பேற்றமே இது! இதைச் செவிக்குக் கேட்கும் ஒலிகளில் பயன்படுத்தலாம் என்று 1967-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கண்டறிந்தவர் ஜான் சௌனிங். அதுபற்றிய அவரது கட்டுரை 1973-இல் வெளிவந்தது.

ஒலிப்பது 200 ஹெர்ட்ஸ், அசைப்பது 200 ஹெர்ட்ஸ் என்று வைத்தால், 200, 400, 600 எனத் தந்தியில் எழுவது போன்ற ஒழுங்கான மேற்சுரங்கள் பிறக்கின்றன. அசைப்பதை 280 ஆக்கினால், 200-உடன் 480, 760 என்றும், கழிவதால் 80, 360 என்றும் அதிர்வெண்கள் எழுகின்றன. இவை 1, 2, 3 என்ற வரிசையில் அடங்குவதில்லை. இந்த ஒழுங்கின்மையே உலோகத்தின் குரல். பேராசிரியரின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

பின்னர் எங்கள் தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் மணியைப் போய்க் கேட்டேன். அது என் மென்பொருள் மணியைவிடத் தாழ்ந்த குரலில், மெதுவாக அடங்கியது. விகிதத்தை 1.40-இலிருந்து சிறிது சிறிதாக மாற்றினேன். அடங்கும் நேரத்தை நீட்டினேன். முதல் அடியின் கூர்மையைக் குறைத்தேன். இரண்டு இரவுகள் ஆயின. கோயில் மணி முழுமையாக வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அது இனி வேறு மேடையில் எதிர்பாராமல் ஒலிக்காது. கல்லூரி நாளன்று அதே நாடகம் மீண்டும் நடந்தபோது அம்மணியை அடித்தேன். எவரும் சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் போதுமாயிருந்தது.

ஜமைக்காவில் நடந்தது

அப்படியானால் ஆயத்த ஒலியைத் தொடவே கூடாதா? அவ்வாறு சொல்வது தவறு. 1981-இல் கேசியோ நிறுவனம் எம்.டி.-40 என்னும் சிறு விசைப்பலகையை வெளியிட்டது. அதில் 'ராக்' என்ற ஆயத்தத் தாளத்தை அமைத்தவர் ஹிரோக்கோ ஒகுடா. இசைக் கல்லூரியில் படித்துவிட்டு 1980-இல் அந்நிறுவனத்தில் சேர்ந்த இளம்பெண். அத்தாளத்தை ஜமைக்காவில் நோயல் டேவி, வெய்ன் ஸ்மித் என்னும் இளைஞர்கள் கண்டெடுத்தனர். கிங் ஜாம்மி என்ற தயாரிப்பாளர் அதன் வேகத்தைக் குறைத்து, மேலும் சில ஒலிகளைச் சேர்த்தார். 1985-இல் வெளிவந்த அப்பாடல், ரெகே இசையைக் கணிப்பொறிக் காலத்துக்குத் திருப்பிவிட்டது என்பது மிகையாகாது. அட்டை கேசியோவினுடையது, நெசவு ஜமைக்காவினுடையது.

2007-இல் ரிஹானா பாடிய 'அம்ப்ரெல்லா' பாடலின் முரசுத் தாளமும், ஆப்பிள் நிறுவனத்தின் கராஜ்பேண்டு மென்பொருளோடு எல்லோருக்கும் கிடைத்த ஒரு பதிவே. அதைச் சுற்றி என்ன நெய்தார்கள் என்பதில்தான் சிறப்பு இருக்கிறது.

நாம் செய்யத்தக்கவை

இத்துறையில் புகும் நண்பர்களுக்கு என் சிற்றறிவுக்கு எட்டிய சிலவற்றைச் சொல்கிறேன். ஆயிரம் ஆயத்த ஒலிகளைச் சேர்ப்பதினும், பத்தைத் திறந்து பார்ப்பது நன்று. ஒரு நேரத்தில் ஒரே ஒரு குமிழைத் திருகி, மாறியது என்ன என்று காது கொடுத்துக் கேளுங்கள். மாற்றியதைப் புதிய பெயரில் சேமியுங்கள். ஒலி நூலகங்களின் உரிம விதிகளைப் படியுங்கள். அவ்வொலிகளை நம் இசையில் சேர்க்க அனுமதி அளிப்பவை பல, அப்படியே தனியாக விற்க அனுமதி அளிப்பவை அரிது. திருட்டுப் பிரதிகளை நாட வேண்டியதில்லை. டெக்செட், சர்ஜ் எக்ஸ்.டி. போன்றவை முறையாகவே இலவசமாகக் கிடைக்கின்றன.

என்னைப்போல் வீட்டில் வழிகாட்ட ஆளில்லாதவருக்கு, பிறர் செய்துவைத்ததைக் கொண்டு தொடங்குவது இழிவன்று. வேறு வழியும் இல்லை. கையேடாயினும் ஆயத்த ஒலியாயினும், மூடியபடியே ஒப்பித்தால் அது பிறர் சொத்து. திறந்து, பிரித்து, ஏன் என்று கேட்டால் அதுவே நமக்கு ஆசிரியர். கேட்கப் பழகுவோமாக!