வயலில் இருந்தே வீடியோவில் ஆலோசனை: தொடங்குவது எப்படி?

பூந்தமல்லி வட்டாரத்தில் மல்லிகை பயிரிடும் விவசாயி ஒருவர், மஞ்சளான இலையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். அந்த ஒரு படத்தை வைத்துச் சரியான பதில் சொல்ல முடியாது. மல்லிகை இலை மஞ்சளாவதற்கு இரும்புச் சத்துக் குறைபாடு, நூற்புழு, வேர் அழுகல் என மூன்று முக்கியக் காரணங்கள் உண்டு.

இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச் சத்துக் குறைபாடு. லிட்டருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்பேட் கலந்து, மஞ்சள் மறையும் வரை மாதம் ஒருமுறை தெளித்தால் போதும். வேரில் முடிச்சுகள் இருந்தால் நூற்புழு. அடியிலைகள் முதலில் மஞ்சளாகி, வேர் கருத்திருந்தால் அழுகல் நோய். காரணம் தெரியாமல் பூச்சிமருந்து அடித்தால் பணமும் வீண், பூவும் போய்விடும்.

வீடியோ அழைப்பின் பயன் இங்கேதான். "செடியைப் பிடுங்கி வேரைக் காட்டுங்கள்", "பக்கத்துப் பாத்தியைக் காட்டுங்கள்" என்று நிபுணர் கேட்டுக் கேட்டுப் பார்க்கலாம்.

புதிய முறை அல்ல

2004 அக்டோபரிலேயே இஸ்ரோவும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து திருவையாறு, செம்பட்டி, தங்கச்சிமடம் ஆகிய ஊர்களில் கிராம வள மையங்களைத் தொடங்கின. செயற்கைக்கோள் வழியாக, கிராம மக்கள் சென்னையில் உள்ள நிபுணர்களுடன் முகம் பார்த்துப் பேசினார்கள். அன்று மையத்துக்குப் போக வேண்டியிருந்தது. இன்று அந்த வசதி சட்டைப் பையில் இருக்கிறது.

எதைப் பயன்படுத்துவது?

ஒருவரோடு பேச வாட்ஸ்அப் வீடியோ அழைப்பே போதும். இதில் 32 பேர் வரை சேரலாம். அதைவிடப் பெரிய கூட்டத்துக்கு கூகுள் மீட் அல்லது ஜூம் வசதியானது. இலவசக் கணக்கில், மூன்று பேரோ அதற்கு மேலோ கூடினால் மீட் 60 நிமிடம் இயங்கும்; ஜூம் 40 நிமிடம் இயங்கும். கூட்டத்துக்கான இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அதைத் தொட்டு, பெயரைத் தமிழிலேயே பதிந்து உள்ளே போகலாம்.

பேசாத நேரத்தில் மைக் படத்தைத் தொட்டு அணைத்துவிடுங்கள். ஒருவரின் வயலில் ஓடும் மோட்டார் சத்தம் அனைவரையும் தொந்தரவு செய்யும். ஒரு மணி நேரக் கூட்டத்துக்கு சில நூறு எம்.பி. முதல் 1 ஜிபிக்கு மேலும் டேட்டா செலவாகலாம். கேட்பதற்கு மட்டும் வருபவர்கள் கேமராவை அணைத்தால் டேட்டா மிச்சமாகும்.

வயலைக் காட்டும் முறை

* செல்போனின் பின்பக்கக் கேமராவைத் துடைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.
* முதலில் முழு வயல், பிறகு ஒரு செடி, அடுத்து இலையின் மேல்பக்கமும் அடிப்பக்கமும், கடைசியாக வேர் என்ற வரிசையில் காட்டுங்கள்.
* நெல்லில் புகையான் என்று சந்தேகம் வந்தால் தூரின் அடிப்பகுதியைக் காட்டுங்கள். பூச்சி அங்கேதான் கூட்டமாக இருக்கும்.
* ரகம், நட்ட தேதி, இட்ட உரம், கடைசியாக அடித்த மருந்து ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.
* சிக்னல் குறைவாக இருந்தால் முதலில் தெளிவான படங்களை அனுப்பிவிட்டுச் சாதாரண அழைப்பில் பேசுங்கள்.

களப்பணியாளர்களுக்கு

கூட்டம் முடிந்ததும் சொன்ன ஆலோசனை மறந்துபோவது வழக்கம். கூகுள் ஷீட்டில் ஒரு பொது அட்டவணை தொடங்கி, தேதி, ஊர், பயிர், பிரச்சினை, சொன்ன தீர்வு, 10 நாள் கழித்துப் பலன் என ஆறு கட்டங்கள் போடுங்கள். விவசாயிகளுக்கு 'பார்க்க மட்டும்' அனுமதியும், சக பணியாளர்களுக்குத் திருத்தும் அனுமதியும் கொடுங்கள். ஒரே பிரச்சினை நேமத்திலும் திருமழிசையிலும் வந்தால் அட்டவணையே காட்டிக்கொடுத்துவிடும். உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் தினசரி பூ விலையையும் இதேபோல் பதியலாம்.

எச்சரிக்கை

பயிர் ஆலோசனைக்கு ஓடிபி, வங்கிக் கணக்கு எண் எதுவும் தேவையில்லை. முன்பின் தெரியாதவர் "திரையைப் பகிருங்கள்" என்றால் உடனே துண்டித்துவிடுங்கள். உங்களுக்கு வரும் ஓடிபியை அவர் அப்படியே பார்த்துவிடுவார். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

வீடியோவில் மண்ணின் சத்தை அளக்க முடியாது. அதற்கு மண் பரிசோதனைதான் வழி. திருவள்ளூர் மாவட்ட விவசாயிகள் நேரடி உதவிக்குத் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் 1800 180 1551 என்ற கிசான் அழைப்பு மையத்தின் கட்டணமில்லா எண்ணில், காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே பேசலாம்.