ஆப்பிள் சாறும் காடியும்: இல்லத்தில் செய்யும் முறை

இமாசலப் பிரதேசத்தின் மலைச்சரிவுகளில் ஆப்பிள் முதன்மையான பணப்பயிராகும். சிம்லா மாவட்டத்துக் கோட்கட் பகுதியில் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்னும் அமெரிக்கர் 1916-ஆம் ஆண்டளவில் ‘ரெட் டெலிஷியஸ்’ என்ற இனிப்பு வகையை நட்டுப் பரப்பியதிலிருந்து, அப்பகுதி மக்களின் வாழ்வே மாறியது எனலாம்.

ஆயினும் மரத்தில் காய்த்தவை யாவும் சந்தைக்குச் செல்வதில்லை. கல்மழையால் வடுப்பட்டவை, நிறம் ஏறாதவை, ‘ஸ்காப்’ என்னும் பூஞ்சை நோயால் தோலில் கரும்புள்ளி கண்டவை ஆகியன தரம் பிரிக்கும்போது ஒதுக்கப்படுகின்றன. 1983-இல் இந்நோய் பெருவாரியாகப் பரவியபோது, நோயுற்ற பழங்களை அரசாங்கமே வாங்கி அழிக்க நேர்ந்தது. சிறு தோட்டக்காரருக்கு இத்தகைய நட்டம் எளிதில் தாங்கக்கூடியதன்று. ஒதுக்கப்படும் பழங்களுள் பெரும்பாலானவற்றுக்குத் தோலில்தான் குறை, சாற்றில் குறையில்லை. அச்சாற்றை இல்லத்திலேயே பயனுள்ள பொருளாக்கும் வகையை இங்குக் காண்போம்.

‘சைடர்’ என்ற சொல் இங்கிலாந்தில் நொதித்த ஆப்பிள் மதுவைக் குறிக்கும். அமெரிக்காவிலோ பெரும்பாலும் வடிகட்டாத புதுச்சாற்றைக் குறிக்கும். நம் நாட்டில் மது தயாரித்தல் மாநிலக் கலால் சட்டங்களுக்கு உட்பட்டது. ஆதலின் இல்லத்தார்க்கு ஏற்றவை சாறும், வினிகர் எனப்படும் காடியுமே. காடி உண்டாகும்போதும் இடைநிலையில் ஆல்கஹால் தோன்றுமாதலால், தத்தம் மாநில விதிகளை முன்னரே கேட்டறிதல் நன்று.

பழத் தேர்வு

வடுப்பட்ட பழம் வேறு, அழுகிய பழம் வேறு. அழுகலை மட்டும் வெட்டியெறிந்து எஞ்சியதைப் பிழிவது தவறு. அழுகலை விளைவிக்கும் பெனிசிலியம் இனப் பூஞ்சை, ‘பாட்டுலின்’ என்னும் நச்சுப்பொருளை உண்டாக்குகிறது. அது நலமாகத் தோன்றும் சதைக்கும் பரவக்கூடும். கொதிக்க வைத்தாலும் முற்றும் அழிவதில்லை. ஆப்பிள் சாற்றில் கிலோகிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் இது இருத்தலாகாது என்பது விதி.

தரையில் விழுந்த பழங்களையும் விலக்குக. கால்நடைகள் மேயும் தோட்டத்தில் சாணத்திலுள்ள கிருமிகள் அவற்றில் ஒட்டக்கூடும். 1991-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சூடுபடுத்தாத ஆப்பிள் சாற்றைப் பருகியோர், ஈ. கோலை வகைக் கிருமியால் கடும் நோயுற்றனர்.

சாறு

பழங்களை நன்கு கழுவித் துண்டாக்கி, துருவி, தூய துணியில் கட்டிப் பிழிக. 10 கிலோகிராம் பழத்திலிருந்து ஏறத்தாழ 5 லிட்டர் சாறு பெறலாம். இரும்பு, செம்பு, பித்தளைப் பாத்திரங்களை நீக்கி, எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரங்களையே கையாளுக.

சாறாகவே சேமிக்க வேண்டுமாயின், அதனை 80 டிகிரி சென்டிகிரேடு வரை சூடாக்கி, கொதிநீரில் இட்டெடுத்த சூடான புட்டிகளில் ஊற்றி மூடுக. பின்னர் அப்புட்டிகளைக் கொதிநீரில் அரைமணி நேரம் வைத்து எடுக்க வேண்டும். கடல்மட்டத்துக்கு 2,000 மீட்டர் உயரத்தில் நீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்; ஆதலின் மலைப்பகுதியில் இந்நேரத்தைக் குறைத்தலாகாது.

காடி

காடி இரு நுண்ணுயிர்களின் வேலையால் உண்டாகிறது. முதலில் ஈஸ்ட், சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. பின்னர் அசிட்டோபாக்டர் என்னும் பாக்டீரியா, காற்றிலுள்ள பிராணவாயுவின் துணையால் அந்த ஆல்கஹாலை அசெட்டிக் அமிலமாக்குகிறது. காடி புளிப்பது உயிர்களின் செயலே என்பதைப் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1860-களில் விளக்கினார். முதல் வேலைக்குக் காற்று ஆகாது. இரண்டாவதற்குக் காற்று இன்றியமையாதது. இவ்வேறுபாட்டை மறந்தால் காடி கெடும்.

சூடாக்கி ஆறவைத்த சாற்றில் சிறிதளவு ஈஸ்டைக் கலந்து, கண்ணாடிச் சாடியில் முக்கால் பங்கு நிரப்புக. மூடியில் ஒரு குழாயைச் செருகி, அதன் மறுமுனையை நீரில் அமிழ்த்தி வைத்தால், வாயு வெளியேறும், காற்று உட்புகாது. இரண்டு மூன்று வாரங்களில் குமிழிகள் நின்றுவிடும். அப்போது தெளிந்த நீரை வாயகன்ற பாத்திரத்துக்கு மாற்றி, சூடுபடுத்தாத பழங்காடியை நாலில் ஒரு பங்கு சேர்த்து, மெல்லிய துணியால் வாயைக் கட்டுக. 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில், வெயில் படாத இடத்தில் ஒன்று முதல் மூன்று மாதங்களில் காடி முதிரும். மேலே படரும் ஆடை பாக்டீரியாக்களின் படலமே, அஞ்ச வேண்டுவதில்லை. பச்சையோ கறுப்போ ஆன பூசணம் கண்டால் முழுவதையும் கொட்டிவிடுக.

முதிர்ந்த காடியைத் திறந்தபடியே விட்டால், அதே பாக்டீரியா அமிலத்தையும் சிதைத்துவிடும். ஆதலின் வடிகட்டி, 65 டிகிரியில் அரைமணி நேரம் சூடாக்கி, புட்டிகளில் நிரம்ப ஊற்றி மூட வேண்டும்.

புளிப்பின் அளவு

நடைமுறையில், சர்க்கரையின் எடையில் ஏறத்தாழப் பாதியே அமிலமாகக் கிடைக்கும். சாற்றில் 10 சதவிகிதம் சர்க்கரை இருப்பின் 5 சதவிகித அமிலத்தை எதிர்பார்க்கலாம். விற்பனைக் காடியில் குறைந்தது 3.75 சதவிகிதம் இருத்தல் வேண்டும் என்பது சட்டம். நாவின் சுவையால் இதனை அளவிட இயலாது. ஆகவே ஆய்வுக்கூடத்தில் அளந்து அறியாத காடியைச் சமையலுக்கும் பச்சடிக்கும் கொள்க. நெடுநாள் வைக்கும் ஊறுகாய்க்கு அதனை நம்புதல் கூடாது.

ஒதுக்கப்பட்ட பழம் அனைத்தையும் இல்லத்தில் காடியாக்கிவிட இயலாது. எனினும் எறியப்படும் ஒரு கூடைப் பழம், துப்புரவும் பொறுமையும் துணைநின்றால், ஒரு குடும்பத்தின் பல மாதத் தேவைக்கு ஆகும்.