பெஞ்ச் பிரஸ் 60 கிலோவிலிருந்து 70 கிலோ ஆனால் பலம் கூடிவிட்டதா? ஸ்கூல் பிசிக்ஸ் சொல்லும் கணக்கு!

ஜிம்மில் சேர்ந்து சில மாதம் ஆனவரிடம் "எப்படிப் போகுது?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு நம்பர்தான் பதிலாக வரும். "போன மாசம் 60 கிலோ, இப்போ 70 கிலோ போடுறேன்." ஆனால் அந்த நம்பரை மட்டும் வைத்து பலம் கூடிவிட்டதாகச் சொல்ல முடியாது.

விசை வேறு, வேலை வேறு

கிலோவை 9.8-ஆல் பெருக்கினால், பாரைத் தாங்கத் தேவையான விசை நியூட்டனில் கிடைக்கும். 60 கிலோவுக்கு 588 நியூட்டன். (பிளேட்டோடு கம்பியையும் சேர்க்கணும். ஒலிம்பிக் பார் என்றால் அதுவே 20 கிலோ. பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.) அந்த விசையை, பார் மேலே போன தூரத்தால் பெருக்கினால் வருவதுதான் வேலை. அலகு, ஜூல்.

ஒருவர் 60 கிலோ பாரை நெஞ்சைத் தொடும்வரை இறக்கி, 40 செ.மீ. உயர்த்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ரெப்புக்கு சுமார் 235 ஜூல். 10 ரெப்ஸுக்கு 2,352 ஜூல். அடுத்த மாதம் 70 கிலோ. கனம் தாங்காமல், பார் பாதியிலேயே திரும்புகிறது. நகர்வது 30 செ.மீ. மட்டும். இப்போது 10 ரெப்ஸுக்கு 2,058 ஜூல்தான். எடை 10 கிலோ கூடியும், செய்த வேலை 294 ஜூல் குறைந்திருக்கிறது! அதிலும், பெஞ்ச் பிரஸ்ஸில் கஷ்டமான பகுதியே நெஞ்சை ஒட்டிய அந்த அடிப்பகுதிதான். அதைத்தான் இவர் விட்டிருக்கிறார். பின்னால் நிற்கும் மாஸ்டர் கை கொடுத்தால், இந்தக் கணக்கிலும் பங்கு அவருக்குப் போய்விடும்.

எப்படி அளப்பது?

மொபைலைப் பக்கவாட்டில் வைத்து வீடியோ எடுத்தாலே, பார் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். தூரம் மாறவில்லை என்றால் ஜூல் கணக்கே வேண்டாம். கிலோ × ரெப்ஸ் × செட் என்று நோட்டில் எழுதினால் போதும். கை நீளமான நண்பரோடு ஒப்பிடாதீர்கள். அதே எடைக்கு அவர் அதிக தூரம் தள்ள வேண்டியிருக்கும்.

நேரத்தையும் கவனிக்கலாம். 235 ஜூல் வேலையை 2 விநாடியில் முடித்தால் திறன் சுமார் 118 வாட். ஒரே விநாடியில் முடித்தால் 235 வாட். எடை கூடாமலேயே முன்னேற்றம் தெரியும் இடம் இது.

பிளாங்க் செய்தால் வேலை பூஜ்ஜியமா?

பிசிக்ஸ் கணக்கில் ஆமாம், உடல் நகரவில்லையே! ஆனால் தசை சுருங்கியே இருப்பதால் சக்தி செலவாகிறது, வியர்த்தும் கொட்டுகிறது. அதற்கு விநாடிகளைத்தான் எண்ணணும். அதேபோல, ஜூலை கலோரியாக மாற்றிப் பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். மேலே சொன்ன 2,352 ஜூல் என்பது அரை கிலோ கலோரிக்குச் சற்று அதிகம், அவ்வளவே. தசை செலவழிக்கும் சக்தியில் பெரும்பகுதி வெப்பமாகப் போவதால், உடல் உண்மையில் எரிப்பது இதைப்போலப் பல மடங்கு. எடை குறைக்க நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு உதவாது.