முட்டைக்கு 3 மாதம் முன்பே வேலை ஆரம்பம்: ஜாக்கி - ஷேடோ கழுகு ஜோடி கூடு கட்டுவதில் அப்படி என்ன இருக்கு?

ஒரு கழுகு குச்சி ஒன்றைத் தூக்கிட்டு வருது. இன்னொரு கழுகு அதை இழுத்து வேறு இடத்தில் வைக்குது. முதல் கழுகு அதை மறுபடியும் பழைய இடத்துக்கே நகர்த்துது. இவ்வளவுதான் காட்சி. இதைப் பார்க்கத்தான் பல நாடுகளில் ஆயிரக்கணக்கானோர் யூடியூப் நேரலையில் காத்துக் கிடக்கிறார்கள்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பிக் பேர் ஏரிக்கு அருகே வாழும் ஜாக்கி, ஷேடோ என்ற வெண்தலைக் கழுகு ஜோடிதான் இந்த நேரலையின் நாயகி, நாயகன். 'பிரெண்ட்ஸ் ஆஃப் பிக் பேர் வேலி' என்ற தன்னார்வ அமைப்பு 2015-ல் இந்தக் கூட்டின் மேல் கேமரா பொருத்தியது. 2018-ல் ஷேடோ வந்து ஜாக்கியோடு சேர்ந்தது.

முட்டை பொரிவதையும் குஞ்சு பறப்பதையும் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். ஆனால் அதற்கு மாதங்களுக்கு முன் நடக்கும் குச்சி வேலைதான் அத்தனைக்கும் அடித்தளம். ஏன் என்று பார்ப்போம்.

கூடு எங்கே இருக்கு?

கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரத்தில் உள்ள மலைப்பகுதி அது. அங்கே ஒரு ஜெஃப்ரி பைன் மரத்தில், தரையிலிருந்து சுமார் 145 அடி உயரத்தில் கூடு இருக்கிறது. கிட்டத்தட்ட 14 மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கீழே ஏரி, மீனுக்குப் பஞ்சமில்லை. ஆனால் குளிர்காலத்தில் பனிப்புயல் அடிக்கும். ஜாக்கி முட்டையிடுவதோ பெரும்பாலும் ஜனவரியில், கடும் குளிருக்கு நடுவில். அதனால் கூடு ஒழுங்காக அமையாவிட்டால் முட்டைக்கே ஆபத்து.

வேலை எப்போது தொடங்கும்?

வெண்தலைக் கழுகுகள் வருஷா வருஷம் புதுக் கூடு கட்டுவதில்லை. பெரும்பாலும் பழைய கூட்டையே பழுது பார்த்துப் பயன்படுத்தும். பிக் பேரில் இலையுதிர் காலத்திலேயே, அதாவது முட்டைக்கு 2, 3 மாதம் முன்பே, ஜோடி குச்சி கொண்டுவரத் தொடங்கிவிடும்.

எல்லா ஊரிலும் இதே காலம் இல்லை. வெயில் அதிகமான புளோரிடாவில் நவம்பர், டிசம்பரிலேயே முட்டை வந்துவிடும். வடக்கே அலாஸ்காவில் பனி விலகி வசந்தம் வரும்வரை காத்திருக்கும்.

யார் என்ன வேலை செய்வார்கள்?

ஆண், பெண் இரண்டுமே குச்சி கொண்டுவரும். கீழே கிடப்பதை எடுக்கும். சில நேரம் பறந்துகொண்டே காய்ந்த கிளையை நகத்தால் பற்றி, தன் எடையாலும் வேகத்தாலும் முறித்து எடுத்துவரும். பெண் கழுகு ஆணை விட உருவத்தில் பெரியது. அதனால் எந்தக் குச்சி எங்கே இருக்கணும் என்பதில் ஜாக்கியின் கை, மன்னிக்கவும், அலகுதான் ஓங்கியிருக்கும்! ஷேடோவும் லேசில் விட்டுக்கொடுக்காது. இந்தக் குச்சிச் சண்டைக்கென்றே தனி ரசிகர் கூட்டம் உண்டு.

பார்க்கச் சண்டை மாதிரி தெரிந்தாலும், சேர்ந்து கட்டுவதே ஜோடிக்குள் நெருக்கத்தை வளர்க்கிறது. நாளைக்கு மாறி மாறி அடைகாக்க வேண்டிய இருவர், இப்போதே ஒரே இடத்தில் சேர்ந்து வேலை செய்யப் பழகுகிறார்கள்.

கூட்டுக்குள் என்னென்ன இருக்கும்?

* அடித்தளம்: பெரிய குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய மேடை. இடைவெளி வழியாக மழைநீரும் உருகிய பனியும் கீழே வடிந்துவிடும்.

* சுற்றுச்சுவர்: ஓரத்தில் அடுக்கும் நீளமான குச்சிகள். தொட்டிலுக்குக் கம்பி மாதிரி. குஞ்சு தவழ்ந்து விளிம்புக்கு வந்தாலும் விழாமல் தடுக்கும். காற்றையும் ஓரளவு மறைக்கும்.

* மெத்தை: நடுவில் காய்ந்த புல், மரப்பட்டை நார், இறகு. கழுகு அதில் நெஞ்சை வைத்து அழுத்தி அழுத்தி ஒரு கிண்ணம் போலக் குழியாக்கும். முட்டை இருக்கப்போவது அங்கேதான்.

மெத்தை ஏன் இவ்வளவு முக்கியம்?

இனப்பெருக்கக் காலத்தில் கழுகின் வயிற்றுப் பக்கம் இறகு இல்லாத ஒரு பகுதி உருவாகும். அந்த வெறும் தோல்தான் முட்டையைத் தொட்டுச் சூடு கொடுக்கும். மேலே தாயின் உடல், கீழே மெத்தை. கீழிருந்து குளிர் ஏறினால் மேலே உட்கார்ந்திருப்பதால் முழுப் பலன் இல்லை.

இப்படிச் சுமார் 35 நாள் அடைகாக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் பனிப்புயல் அடித்தபோது ஜாக்கி 60 மணி நேரத்துக்கும் மேல் எழாமல் முட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தது. உடம்பெல்லாம் பனி மூடி, தலை மட்டும் வெளியே தெரிந்த அந்தக் காட்சி உலகம் முழுக்கப் பரவியது.

கூடு நன்றாக இருந்தால் குஞ்சு நிச்சயமா?

இல்லை. அதுதான் இந்தக் கதையின் வலி. 2022-ல் ஒரு குஞ்சு வளர்ந்து பறந்தது. 2023-ல் இரண்டு முட்டை, 2024-ல் மூன்று முட்டை. ஒன்றுகூடப் பொரியவில்லை. ஜாக்கி அத்தனை மணி நேரம் பனியில் உட்கார்ந்து காத்த முட்டைகளும் அதில் அடக்கம். அண்டங்காக்கைகள் கூட்டுக்குள் புகுந்து முட்டையை உடைத்த சம்பவங்களும் நடந்திருக்கின்றன.

ஆனாலும் அடுத்த இலையுதிர் காலத்தில் ஜோடி மறுபடியும் குச்சியோடு வந்தது. 2025 ஜனவரியில் மூன்று முட்டை. மார்ச்சில் மூன்றும் பொரிந்தன. சில நாளிலேயே வீசிய பனிப்புயலில் ஒரு குஞ்சு இறந்தது. மற்ற இரண்டுக்கும் உள்ளூர் பள்ளிப் பிள்ளைகள் ஓட்டுப் போட்டு சன்னி, கிஸ்மோ என்று பெயர் வைத்தார்கள். ஜூன் தொடக்கத்தில் இரண்டும் கூட்டை விட்டுப் பறந்தன.

குஞ்சு தவிக்கும்போது மனிதர்கள் ஏன் உதவவில்லை?

நேரலையில் அடிக்கடி எழும் கேள்வி இது. அமெரிக்காவில் 1940-ம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் வெண்தலைக் கழுகையோ, அதன் முட்டையையோ, கூட்டையோ தொந்தரவு செய்வது குற்றம். தவிர, ஆள் மரமேறினால் பயந்துபோய் பெற்றோர் கூட்டை விட்டு விலகவும் வாய்ப்புண்டு. அப்புறம் மீதிக் குஞ்சுகளுக்கும் சூடு கிடைக்காது.

 டிடிடி பூச்சிக்கொல்லி மீன் வழியாகக் கழுகின் உடலுக்குள் போனதால், முட்டை ஓடு மெலிந்தது. அடைகாக்க உட்கார்ந்தாலே முட்டை உடைந்தது. எவ்வளவு நல்ல கூடு இருந்தும் பயனில்லை. 1963-ல் அலாஸ்கா, ஹவாய் தவிர்த்த அமெரிக்காவில் எஞ்சியது வெறும் 417 ஜோடி. 1972-ல் டிடிடி தடை செய்யப்பட்டது. 2007-ல் கழுகு அழியும் ஆபத்துள்ள உயிரினப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. 2021-ல் வெளியான அரசுக் கணக்குப்படி சுமார் 71,400 ஜோடி இருந்தன.

கூடு எவ்வளவு பெரிதாகும்?

ஆண்டுதோறும் குச்சி சேரச் சேர எடையும் கூடும். புளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 1963-ல் அளந்த ஒரு கூடு சுமார் 9.5 அடி அகலம், 20 அடி ஆழம், எடை 2 டன்னுக்கும் மேல். கின்னஸ் சாதனை அது. பாரம் தாங்காமல் கிளை முறிந்து கூடே விழுவதும் உண்டு. 2023 ஏப்ரலில் மின்னசோட்டா மாநிலத்தில், நேரலையில் இருந்த ஒரு கூடு பனிப்புயலுக்குப் பின் இப்படித்தான் குஞ்சோடு விழுந்தது.

நேரலை பார்ப்பவர்கள் எதைக் கவனிக்கலாம்?

* பெரிய குச்சி குறைந்து புல், நார் வரத்து கூடினால், மெத்தை வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.
* பெண் கழுகு குழியில் நெஞ்சை அழுத்திச் சுற்றிச் சுற்றி உட்கார்ந்தால், கிண்ணம் தயாராகிறது.
* பெண் அதிக நேரம் கூட்டிலேயே தங்கி, ஆண் மீன் கொண்டுவந்து கொடுத்தால், முட்டை நெருங்குகிறது.

நம் கடற்கரையிலும் இதற்கு நெருங்கிய சொந்தம் உண்டு. வெண்வயிற்றுக் கடல் கழுகு நீண்ட காலம் இதே பேரினத்தில் சேர்க்கப்பட்டிருந்தது. அதுவும் உயரமான மரத்தில் குச்சிக் கூடு கட்டி, ஆண்டுதோறும் அதையே பழுது பார்த்து வாழும். கடலோரத்தில் அப்படி ஒரு கூட்டைப் பார்த்தால் கிட்டப் போகாதீர்கள். தூர நின்று பாருங்கள், போதும்.