ஹெட்போன் ஆம்ப் வேணுமா? போன வருஷம் நான் சொன்னது தப்பு

இந்த எபிசோடு ஒரு திருத்தம். போன வருஷம் ஹெட்போன் பத்திப் பேசினப்போ, "நல்ல இயர்போன் வாங்கிட்டு அதை லேப்டாப்ல நேரா சொருகிக் கேட்கிறது பிரியாணியை ஆறவெச்சுச் சாப்பிடற மாதிரி. ஆம்ப் கட்டாயம் வாங்குங்க, ஹை கெயின்ல வைங்க"ன்னு சொல்லியிருந்தேன். அதைக் கேட்டு ஒரு தம்பி ஆம்ப் வாங்கியிருக்கான். முதல் சம்பளத்துல. அவனை நேர்ல பார்த்ததுக்கு அப்புறம்தான் இந்த எபிசோடு பண்ணியே ஆகணும்னு தோணுச்சு.

எங்க ஹெட்போன் மீட் எப்படி நடக்கும்னு முதல்ல சொல்லிடறேன். ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருமுறை, வேளச்சேரியில ஒரு நண்பனோட வீட்டு ஹால்ல கூடுவோம். பத்துப் பன்னிரண்டு பேர் வருவாங்க. டைனிங் டேபிள் முழுக்க ஹெட்போன், ஆம்ப், கேபிள். பாதிப் பேர் எங்களை மாதிரி ஐ.டி. ஆளுங்க. ஒருத்தர் மிருதங்கம் வாசிக்கிறவர், ஒருத்தர் லைவ் ஷோவுக்கு சவுண்ட் மிக்ஸ் பண்றவர். நண்பனோட அம்மா காபியும் வாழைக்காய் பஜ்ஜியும் கொடுப்பாங்க. எழுதப்படாத சட்டம் ஒண்ணுதான்: பஜ்ஜி தின்ன கையோட அடுத்தவங்க ஹெட்போனைத் தொடக் கூடாது.

இந்தத் தடவை கோயம்புத்தூர்ல இருந்து அந்தத் தம்பி வந்திருந்தான். பையில ஆம்ப், சின்ன டப்பாவுல இயர்போன். வந்து கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தான். அப்புறம் என்னைத் தனியா கூப்பிட்டு, "அண்ணா, எனக்கு வலது காது கேட்கிறது குறைஞ்சுட்டு வருதோன்னு பயமா இருக்குதுங்கண்ணா"ன்னான். மெதுவா பாட்டுக் கேட்டா குரல் நடுவுல இல்லாம இடது பக்கம் சாயுதாம். சத்தத்தைக் கூட்டினா நடுவுக்கு வந்துடுதாம். அதனால அஞ்சாறு மாசமா கூட்டி வெச்சேதான் கேட்டிருக்கான். ஆபீஸ்ல, பஸ்ல வேற இயர்போன், அதுலயும் அதே பழக்கம்.

நான் அவன் ஆம்பை வாங்கி, அவன் இயர்போனை என் காதுல மாட்டினேன். எனக்கும் குரல் இடது பக்கம்தான் போச்சு. இயர்போனை இடம் வலம் மாத்தி மாட்டினேன். குரல் வலது பக்கம் போச்சு. அப்போ காதுல பிரச்சினை இல்லைன்னு தெரிஞ்சுது. அதையே அவனைப் போட்டுக் கேட்க வெச்சேன். அவன் முகத்தை நீங்க பார்த்திருக்கணும்.

அடுத்து இயர்போனை மட்டும் லேப்டாப்ல நேரா சொருகினோம். குரல் நடுவுலயே நின்னுச்சு. ஆக, பிரச்சினை இயர்போன்லயும் இல்லை, ஆம்ப்லதான். கண்டிப்பா பழுதும் கிடையாது. அந்த விலையில வர்ற பல ஆம்ப்ல வால்யூம் குமிழுக்குப் பின்னாடி இருக்கிறது ஒரு பொட்டென்ஷியோமீட்டர். இடதுக்கு ஒரு தடம், வலதுக்கு ஒரு தடம், ரெண்டையும் ஒரே தண்டு திருப்பும். நடுப்பகுதியில ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா போகும். ஆனா ஆரம்பத்துல, அதாவது குமிழைக் கொஞ்சமே கொஞ்சம் திருப்பின இடத்துல, ரெண்டு தடமும் ஒத்துப்போகாது. ஒரு பக்கம் முன்னாடி கேட்கும், இன்னொரு பக்கம் பின்தங்கும்.

அவன் ஏன் எப்பவும் அந்த ஆரம்ப இடத்துலயே மாட்டிக்கிட்டான்? ஹை கெயின்ல வெச்சிருந்தான். நான்தானே சொன்னேன்.

இங்க கொஞ்சம் கணக்கு இருக்கு, பொறுத்துக்கோங்க. ஒரு ஹெட்போன் எவ்வளவு சுலபமா சத்தம் போடும்னு சொல்றது அதோட சென்சிடிவிட்டி. 1 வோல்ட் கொடுத்தா எத்தனை டெசிபல்னு சிலர் சொல்லுவாங்க, 1 மில்லிவாட்டுக்கு எத்தனைன்னு சிலர் சொல்லுவாங்க. ஒப்பிடும்போது எந்த அலகுன்னு பார்த்துக்கணும். தம்பியோட இயர்போன் 1 வோல்ட்டுக்கு 118 டெசிபல். நாம நிம்மதியா கேட்கிறது சராசரியா 75 டெசிபல்னு வைங்க. பாட்டுல திடீர்னு எகிறுற இடங்களுக்கு இன்னும் 15 சேர்த்தா 90. அதாவது உச்சத்துலகூட 1 வோல்ட்டை விட 28 டெசிபல் கம்மி. அது வெறும் 40 மில்லிவோல்ட். அவன் ஆம்ப் ஹை கெயின்ல 6 வோல்ட் வரை தரும். காவிரித் தண்ணியைத் திறந்துவிட்டு அதுல ஒரு டம்ளர் பிடிக்கிற கதை. குமிழ் ஆரம்பத்துலயே நிக்காம வேற எங்க நிக்கும்?

இப்போ எதிர்ப்பக்கம் பார்ப்போம். சென்ஹைசர் எச்.டி. 650, 2003-ல வந்தது, இன்னும் எல்லா மீட்லயும் ஒண்ணாவது இருக்கும். 300 ஓம். "300 ஓமா? ஆம்ப் இல்லாம சத்தமே வராது"ன்னு நானே பலபேர்கிட்ட சொல்லியிருக்கேன். ஆனா அது 1 வோல்ட்டுக்கு 103 டெசிபல் தரும். ஆப்பிளோட சின்ன யூ.எஸ்.பி. சி டாங்கிள் இருக்கே, அந்த வெள்ளை வயர், அதோட அமெரிக்க மாடல் கிட்டத்தட்ட 1 வோல்ட் தரும். ஐரோப்பிய மாடல் அதுல பாதி. சில ஆண்ட்ராய்டு போன்ல சொருகினா சத்தம் பாதியிலயே நின்னுடும், அது தனித் தலைவலி. ஒழுங்கா வேலை செய்யற லேப்டாப்ல சொருகினா, 300 ஓம் ஹெட்போன் 103 டெசிபல் உச்சம் வரை போகும். என் காதுக்கு அதுவே அதிகம்.

சரி, அப்போ யாருக்கு ஆம்ப் வேணும்? அன்னிக்கு ஒருத்தர் ஹைஃபைமேன் எச்.இ. 6 எஸ்.இ. கொண்டு வந்திருந்தார். அது 50 ஓம்தான். ஓம் மட்டும் பார்த்தா எச்.டி. 650-ஐ விட சாதுன்னு நினைப்பீங்க. ஆனா சென்சிடிவிட்டி 1 மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல். டாங்கிளோட 1 வோல்ட்ல அதுக்குப் போறது 20 மில்லிவாட், அதுல வர்ற உச்சம் 96.5 டெசிபல். சினிமாப் பாட்டுக்குச் சமாளிக்கலாம். ஆர்க்கெஸ்ட்ராப் பதிவுல சராசரி உச்சத்தை விட 20 டெசிபல் கீழே இருக்கலாம், அப்போ அமைதியான பகுதி காதுக்குச் சரியா எட்டாது. உச்சம் 110 வரை போகணும்னா கிட்டத்தட்ட 450 மில்லிவாட் வேணும். இருபது மடங்குக்கு மேல. இதுக்கு ஆம்ப் இல்லாம முடியாது. ஓமை மட்டும் பார்த்து முடிவு பண்ணினா ரெண்டு பக்கமும் ஏமாறுவோம்.

"அதெல்லாம் சத்தம் சார், நான் சொல்றது தெளிவு. ஆம்ப் போட்டா மேடையே விரியுது"ன்னு எங்க குரூப்ல ஒருத்தர் சொன்னார். நானும் அந்தக் கட்சிதான், என் 18,000 ரூபாய் ஆம்ப் அதுக்குச் சாட்சி. அதனால சோதிச்சே பார்த்துடலாம்னு முந்தின வாரமே ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் ஒரு சுவிட்ச், சில ஜாக், ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்கி சுவிட்ச் பாக்ஸ் ஒண்ணு சால்டர் பண்ணி வெச்சிருந்தேன். டாங்கிள்ல இருந்து வர்ற சிக்னல் ரெண்டாப் பிரியும். ஒரு வழி நேரா எச்.டி. 650-க்கு, இன்னொரு வழி என் ஆம்ப் வழியா. எது எதுன்னு கேட்கிறவருக்குத் தெரியாது.

இதுல உயிர்நாடி சத்தத்தை ஒரே அளவுக்குக் கொண்டு வர்றது. காதால ஒப்பிட்டா போதாது, 0.1 டெசிபலுக்குள்ள இருக்கணும். ஹெட்போனை மாட்டின நிலையிலயே மல்டிமீட்டரால வோல்ட்டேஜ் பார்த்துச் சரி பண்ணினோம். சாதாரண மல்டிமீட்டர் அதிக ஃப்ரீக்வென்சியில ஒழுங்கா அளக்காது, அதனால 300 ஹெர்ட்ஸ் டோன். நீங்க வீட்ல பண்ணினா இதை மறந்துடாதீங்க.

பத்துத் தடவை கேட்டு, எது ஆம்ப்னு சொல்லணும். குருட்டாம்போக்குல சொன்னாலே சராசரியா அஞ்சு சரியா வரும். ஒன்பது சரியா வந்தாத்தான் உண்மையிலேயே வித்தியாசம் கேட்குதுன்னு ஒத்துக்குவோம்னு முன்னாடியே பேசிக்கிட்டோம், ஏன்னா தற்செயலா ஒன்பதோ அதுக்கு மேலயோ வர வாய்ப்பு நூத்துல ஒண்ணுதான். இளையராஜாவோட 1986 ஆல்பம் 'ஹவ் டு நேம் இட்' போட்டோம், வி.எஸ். நரசிம்மன் வயலின். எனக்கு ஆறு. சவுண்ட் மிக்ஸ் பண்றவருக்கு அஞ்சு. மேடை விரியுதுன்னு சொன்னவருக்கு நாலு. யாருமே ஏழைத் தாண்டலை.

அப்புறம் யாருக்கும் சொல்லாம ஆம்ப் பக்கம் 1 டெசிபல் கூட்டினேன். உடனே பெரும்பாலானவங்க ஆம்ப் பக்கம் கையைக் காட்டி "இதுதான் தெளிவா இருக்கு"ன்னாங்க. சத்தம் கூடுதுன்னு யாரும் சொல்லலை, தெளிவுன்னாங்க. கடையில ஆம்ப் மாத்தி மாத்திக் கேட்கிறப்போ நமக்கு நடக்கிறதும் பெரும்பாலும் இதுதான்னு நினைக்கிறேன்.

எல்லா ஆம்பும் ஒண்ணுன்னு நான் சொல்லலை. அதே மீட்ல ஒரு வால்வு ஆம்ப் இருந்துச்சு. தாத்தா காலத்து வால்வு ரேடியோ மாதிரி கண்ணாடிக் குழல் மினுமினுன்னு எரியும். மிருதங்கக்காரர் அதுல ஒரு கச்சேரிப் பதிவு கேட்டுட்டு, "தொப்பியில கும்கி கொஞ்சம் உப்பி நிக்குதே"ன்னார். வலந்தலை அப்படியே இருக்காம், தொப்பி மட்டும் மாறியிருக்காம். அவர் கேட்டது நிஜம். அந்த ஆம்போட அவுட்புட் இம்பீடன்ஸ் 100 ஓம் வரும். எச்.டி. 650 பேருக்குத்தான் 300 ஓம். தாழ்ந்த ஸ்தாயியில, 100 ஹெர்ட்ஸை ஒட்டின இடத்துல, அது 500 ஓம் வரை ஏறும். ஆம்போட 100 ஓமும் ஹெட்போனோட ஓமும் வோல்ட்டேஜைப் பங்கு போட்டுக்கும். 300 இருக்கிற இடத்துல ஹெட்போனுக்கு முக்கால் பங்கு, 500 இருக்கிற இடத்துல அதை விடக் கூட. கணக்குப் போட்டா பேஸ் கிட்டத்தட்ட 0.9 டெசிபல் தூக்கி நிக்கும். பிடிச்சிருந்தா வாங்கிக்கலாம், தப்பே இல்லை. ஆனா அதையே ஒரு ஈக்வலைசர் ஆப்லயும் இலவசமா பண்ணலாம். உள்ளுக்குள்ள பல டிரைவர் இருக்கிற இயர்போன்ல இந்த வித்தியாசம் இன்னும் மோசமா வரும். அதனால ஆம்ப் வாங்கினா, ஹெட்போனோட ஓம்ல எட்டுல ஒரு பங்குக்குக் கீழே ஆம்போட அவுட்புட் இம்பீடன்ஸ் இருக்கான்னு பாருங்க.

இந்த எட்டுல ஒரு பங்கு விதியைப் பரப்பினவர் கதையையும் சொல்லியாகணும். என்.டபிள்யூ.ஏ.வி.கய்னு மட்டும் தன்னைச் சொல்லிக்கிட்ட ஒரு இன்ஜினியர். பேரு, ஊரு, முகம் எதுவும் யாருக்கும் தெரியாது. விலை உயர்ந்த ஆம்பை எல்லாம் அளந்து பார்த்து, அதுல சிலது மோசம்னு எழுதினார். 'அப்போ நீயே ஒண்ணு பண்ணு'ன்னு ஆளுங்க சண்டைக்கு வந்தாங்க. 2011-ல பண்ணிட்டார். ஓ2ன்னு பேர். சர்க்யூட்டை இலவசமாவே வெளியிட்டார், யார் வேணும்னாலும் செஞ்சுக்கலாம். ரெண்டு 9 வோல்ட் பேட்டரியில ஓடும். அளந்து பார்த்தா பல மடங்கு விலையுள்ள ஆம்புகளோட போட்டி போட்டுச்சு. 2012-ல எழுதறதைத் திடீர்னு நிறுத்திட்டார், அதுக்கப்புறம் ஆளே இல்லை. இதை நான் காலேஜ்லயே படிச்சேன். படிச்சும் 18,000 செலவு பண்ணினேன்னா பார்த்துக்கோங்க.

தம்பிகிட்ட வர்றேன். லோ கெயினுக்கு மாத்தி, லேப்டாப்ல சத்தத்தைக் குறைச்சு, ஆம்ப் குமிழை நடுப்பகுதிக்குக் கொண்டு வந்தோம். குரல் நடுவுக்கு வந்துடுச்சு, சத்தம் கூட்டாமலே. அவன் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டே இருந்தான்.

அஞ்சாறு மாசம் கூட்டி வெச்சுக் கேட்டதுதான் எனக்கு உறுத்துது. உலக சுகாதார நிறுவனம் சொல்றது வாரத்துக்கு 80 டெசிபல்னா 40 மணி நேரம். 90 ஆயிட்டா வெறும் 4 மணி நேரம். அவன் எவ்வளவு வெச்சுக் கேட்டான்னு அளக்க வழியில்லை. ஊருக்குப் போய் ஈ.என்.டி. டாக்டர்கிட்ட ஆடியோகிராம் எடுக்கச் சொன்னேன், செலவு நான் தர்றேன்னேன். எடுத்துட்டு மெசேஜ் போட்டான்: ரெண்டு காதும் நார்மல். பணம் வேண்டாம்னுட்டான்.

ஆம்பை விக்கட்டுமான்னு கேட்டான். அவன் இயர்போனுக்கு அது தேவையே இல்லை, வித்துடுன்னேன். அந்த எச்.இ. 6 எஸ்.இ. வெச்சிருந்தவரே வாங்கிக்கிட்டார், பாதி விலைக்கு. மீதி நஷ்டத்துக்கு என் கணக்குல ஒரு டாங்கிள் வாங்கி அனுப்பினேன். அதை மட்டும் வாங்கிக்கிட்டான்.

போன வருஷ எபிசோடை அழிக்கலை. அதோட தொடக்கத்துல இந்தத் திருத்தத்தைச் சேர்த்திருக்கேன். என் ஆம்ப் இன்னும் மேஜை மேலதான் இருக்கு. விக்க மனசு வரலை, குமிழைத் திருப்பறப்போ கைக்கு சுகமா இருக்கு, வேற காரணம் இல்லை. சுவிட்ச் பாக்ஸ் அடுத்த மீட்டுக்கும் வரும். ஆம்ப் வாங்கப் போறவங்க வாங்கறதுக்கு முன்னாடி வந்து பத்துத் தடவை கேட்டுட்டுப் போங்க. பஜ்ஜி உண்டு, கையைக் கழுவிட்டு வாங்க.