பசுமைப் பத்திரம்

மத்தியப் பிரதேசத்தின் இந்தூர் நகரம் மால்வா பீடபூமியில் அமைந்துள்ளது. அந்நகரின் குடிநீரில் பெரும்பகுதி ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் ஓடும் நர்மதை ஆற்றிலிருந்து வருகிறது. ஜலூத் என்னும் ஊரில் நீரை இறைத்து மேட்டுக்கு ஏற்ற மிகுந்த மின்சாரம் தேவை. அதற்கான கட்டணம் மாநகராட்சிக்குப் பெருஞ்சுமையாயிற்று. மேலும், நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியை எரித்தே பெறப்படுகிறது. அதனால் வெளியாகும் கரியமில வாயு புவியை வெப்பமாக்குகிறது.

எனவே, ஜலூத் அருகே 60 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைக்க மாநகராட்சி திட்டமிட்டது. பணத்திற்கு வழி யாது? 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் பசுமைப் பத்திரங்களை வெளியிட்டு 244 கோடி ரூபாய் திரட்டியது. பத்திரம் என்பது ஒருவகைக் கடன் சீட்டு. அதனை வாங்குவோர் மாநகராட்சிக்குக் கடன் கொடுக்கின்றனர். மாநகராட்சி குறித்த காலத்தில் வட்டியுடன் திருப்பித் தருகிறது. சுற்றுச்சூழலைக் காக்கும் பணிக்கே அப்பணம் உரியது என்பதால் ‘பசுமை’ என்னும் அடைமொழி பெற்றது. பொதுமக்களும் இப்பத்திரங்களை வாங்கினர்.

மின்கட்டணத்தில் மிச்சமாகும் தொகை கடனை அடைக்க உதவும். கடன் தீர்ந்த பின்னரும் கதிரவன் ஒளி தருவான்; குழாயில் நீரும் வரும். திட்டமும் அதற்குரிய நிதியும் இணையும்போதே நற்பணி நிறைவேறும்.